பாட்டி சீட்டும் நம்ம ஓவனும்: கிறிஸ்துமஸ் பிஸ்கட் கேள்வி – பதில்

டிசம்பர் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே புலம்பல்தான். பாட்டி எழுதி வைத்த பிஸ்கட் செய்முறை கையில் இருக்கிறது, அதில் உள்ளபடியே செய்கிறேன், ஆனால் பாட்டி பிஸ்கட் வரமாட்டேன் என்கிறது. பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டுகளை எழுதியவர்கள் நமக்காக எழுதவில்லை. அடுத்த வருஷம் தங்களுக்கே மறந்துவிடக் கூடாது என்று குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதனால் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் எதுவும் அதில் இருக்காது. மறக்கக்கூடியது மட்டும்தான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு சீட்டைப் படித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்குக் கீழே வாருங்கள்.

எங்கள் ஆச்சியின் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: "மைதா 1 படி, சீனி அரைப்படி, டால்டா 10 பலம், முட்டை 4, அமோனியா கொஞ்சம், ஏலம்." பழைய படியே வீட்டில் இருக்கிறது, அதிலேயே அளந்தேன். பலத்தை 35 கிராம் என்று கணக்குப் போட்டேன். தட்டில் வைத்த பிஸ்கட் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோசையாகிவிட்டது. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பலம் 35 கிராம் என்று பிடித்தீர்களே, அது சரி. மூன்று தோலா ஒரு பலம், தோலா 11.66 கிராம், ஆக 10 பலம் டால்டா 350 கிராம். படியும் சரி. எட்டு ஆழாக்குப் படி ஏறக்குறைய 1.3 லிட்டர் பிடிக்கும், சலித்த மைதாவைத் தலைதட்டி அளந்தால் சுமார் 700 கிராம் வரும். உங்கள் ஆச்சி தலைதட்டி அளந்தாரா, கோபுரமாகக் குவித்தாரா என்பது வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். கேட்டுவிடுங்கள், அதிலேயே 100 கிராம் வித்தியாசம் வரும்.

தப்பு சீனியில். நீங்கள் அரைப்படி சீனியை அளந்துவிட்டு அப்புறம் மிக்ஸியில் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முழுச் சீனி அரைப்படி என்றால் 560, 570 கிராம் வந்துவிடும். பொடித்த பிறகு அளந்தால் அதே அரைப்படி 350 கிராம் அக்கம்பக்கம்தான் நிற்கும். இப்போது கணக்கைப் பாருங்கள்: மாவு 700, சீனி 350, கொழுப்பு 350. இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. நம் பக்கத்து நெய் பிஸ்கட், பேக்கரி பிஸ்கட் பலவற்றுக்கும் எலும்புக்கூடு இதுதான், அதனால் ஆச்சி பொடித்துத்தான் அளந்திருக்கிறார் என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடிகிறது. 200 கிராம் சீனி கூடிப்போனால் சூட்டில் அது கரைந்து ஓடாமல் என்ன செய்யும்?

அடுத்தது முட்டை. ஆச்சி வீட்டு முட்டை கொல்லையில் மேய்ந்த நாட்டுக்கோழி போட்டது, ஓட்டோடு 40 கிராம் இருந்தால் பெரிசு. இன்றைய பண்ணை முட்டை 50, 55. நான்கு முட்டை போட்டால் ஒன்றரை முட்டை கூடப் போட்ட மாதிரிதான். மூன்று போதும். ஓடு நீக்கி 140 கிராம் என்று எடை பார்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது விஷயம் உங்கள் கையில் இல்லை. டால்டா என்பது வனஸ்பதிதான், ஆனால் அன்றைய வனஸ்பதியும் இன்றைய வனஸ்பதியும் ஒன்றல்ல. டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. நம் இதயத்துக்கு நல்லது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பழைய முறையில் தயாரான அந்தக் கெட்டியான, மணல் மணலான கொழுப்பு இப்போது கிடைக்காது, இப்போதையதன் குணம் வேறு. அதனால் பிசைந்த மாவை உருட்டித் தட்டில் வைத்த பிறகு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், குளிர்ந்த தட்டு நேராக ஓவனுக்குப் போகட்டும். என்னைக் கேட்டால் பாதி வனஸ்பதியை நெய்யாக மாற்றிவிடுவேன். ஆனால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் சீனி, முட்டை. அதைச் சரிசெய்து கால் பங்கு மட்டும் சுட்டுப் பாருங்கள். மாவு 175, சீனிப் பொடி 88, கொழுப்பு 88, ஒரு முட்டையில் முக்கால். எதனால் சரியானது என்று தெரியாமல் சரியாகிவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி எனக்குத்தான் எழுதுவீர்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க: உங்கள் பாட்டி சீட்டில் "நாழி" என்று இருந்தால் மேலே சொன்ன படிக் கணக்கைப் போடாதீர்கள். 1956 நவம்பர் வரை நீங்கள் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள், அந்த நாழி இந்தப் படியைவிட எவ்வளவோ சின்னது.

பாட்டி செய்முறையில் அமோனியா வருகிறது. மருமகள் "அது விஷம், பாத்ரூம் கழுவுவது" என்கிறாள். நான் சின்ன வயதிலிருந்து அதைத்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

இரண்டு பேரும் சொல்வது இரண்டு வேறு பொருளைப் பற்றி. மருமகளோடு சண்டை வேண்டாம்.

பிஸ்கட்டில் போடுவது அம்மோனியம் பைகார்பனேட் என்ற வெள்ளைப் பொடி. பாக்கெட் பிஸ்கட் உறையில் 503 என்று ஓர் எண் இருக்கும், அதுதான் இது, இன்றும் பிஸ்கட் கம்பெனிகள் போடுகின்றன. சூடு பட்டதும் இது முழுக்க மூன்று ஆவியாகப் பிரிந்து போய்விடும்: அம்மோனியா, கரியமில வாயு, நீராவி. சோடா உப்பு மாதிரி பின்னால் ஒரு உப்புச் சுவையை விட்டுவிட்டுப் போகாது. அதனால்தான் அந்தப் பழைய பேக்கரி பிஸ்கட்டுக்கு அப்படி ஒரு மொறுமொறுப்பு, கடித்தால் உள்ளே சின்னச் சின்னக் காற்றறை. பேக்கிங் பவுடரில் அது அவ்வளவு வராது.

ஆனால் ஆவி வெளியே போக வழி வேண்டும். மெல்லிய, நன்றாகக் காய்ந்து வேகிற பிஸ்கட்டுக்கு மட்டும்தான் இது. கேக்கில் போட்டால் அம்மோனியா உள்ளேயே மாட்டிக்கொண்டு வாயில் வைக்க முடியாது. பிஸ்கட்டைக்கூட அரை அங்குலத் தடிமனுக்கு மேல் தட்டினால் நாற்றம் தங்கும். மாவின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், 700 கிராம் மாவுக்கு ஒரு டீஸ்பூனே ஏராளம். ஒரு கரண்டி தண்ணீரிலோ பாலிலோ முழுக்கக் கரைத்துச் சேருங்கள், இல்லையென்றால் பிஸ்கட்டில் அங்கங்கே கருப்புப் புள்ளி விழும். சுடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஓவன் கதவைத் திறக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பச்சை மாவை யாரும் ருசி பார்க்கக் கூடாது, குழந்தைகள் விரலை விட்டு நக்கும் வேலை இந்த மாவில் கிடையாது.

வாங்குவது பேக்கரி சாமான் விற்கும் கடையில், சாப்பாட்டுக்கு உரியது என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து. கழுவுகிற திரவ அம்மோனியா பக்கமே போகக் கூடாது, மருமகள் பயப்படுவது அதற்குத்தான், அவர் பயம் நியாயம். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் வேறு பொருள், அது அம்மோனியம் குளோரைடு, யாராவது "அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பாட்டி காலத்து பாட்டில் பரணில் கிடைத்தால் தூக்கிப் போடுங்கள், மூடி சரியாக இல்லாவிட்டால் இந்தப் பொடி அறைச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போய்விடும். கிடைக்கவே இல்லையா, அதே அளவு பேக்கிங் பவுடர் போடுங்கள். பிஸ்கட் நன்றாகத்தான் இருக்கும், மொறுமொறுப்பில் மட்டும் ஒரு படி கீழே.

எங்கள் வீட்டில் மாவைப் பிசைந்து, தட்டுகளில் அடுக்கி, துணி போட்டு மூடி, தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய் விறகு அடுப்பில் சுட்டு வாங்கி வருவோம். இப்போது அந்த அடுப்பே இல்லை. வீட்டு மின்சார ஓவனில் (ஓ.டி.ஜி.) அடி கருகுகிறது, நடு வேகவில்லை. அந்த ருசி இனி இல்லையா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

புகை வாசனையைப் பற்றிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், பொய் சொல்ல விருப்பமில்லை. ஆனால் அந்த பிஸ்கட்டின் ருசியில் புகைக்கு இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. பெரிய பங்கு எதற்கென்றால், இறங்குகிற சூட்டுக்கு.

செங்கல் அடுப்பில் விறகை எரித்துச் சுவரையும் தரையையும் சூடேற்றி, தணலை ஒதுக்கிவிட்டு, நல்ல சூட்டில் ரொட்டி வைப்பார்கள். அப்புறம் பன். இதெல்லாம் முடிந்து அடுப்பு தணிந்துகொண்டே வரும் நேரத்தில்தான் நம் வீட்டுத் தட்டுகளுக்கு முறை வரும். அதாவது பிஸ்கட் உள்ளே போகும்போது இருந்த சூடு வெளியே வரும்போது இருக்காது. முதலில் விளிம்பு பிடித்துக்கொள்ளும், பிறகு மெதுவாக உள்ளே இருக்கும் ஈரம் எல்லாம் காய்ந்து வெளியேறும். கடைசிவரை மொறுமொறுவென்று இருந்ததற்கு அதுதான் காரணம். கூடவே மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் செங்கல், சூடு ஒரே சீராக வரும். ஓ.டி.ஜி.யில் இரண்டு கம்பிதான், அதுவும் தட்டுக்கு நாலு விரல் தூரத்தில்.

இதை வீட்டில் ஓரளவு செய்ய முடியும். 180 டிகிரியில் கால் மணி நேரமாவது காலி ஓவனைச் சூடாக்குங்கள், இருபது நிமிடம் என்றால் இன்னும் நல்லது. தட்டை நடு அடுக்கில் வைத்து ஐந்து நிமிடம் ஆனதும் குமிழை 150க்குத் திருப்பிவிடுங்கள். அதற்கப்புறம் 12லிருந்து 15 நிமிடம். விளிம்பு லேசாகப் பொன்னிறம் கண்டதும் ஓவனை அணைத்து, கதவிடுக்கில் ஒரு மரக் கரண்டியைச் சொருகி, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். எடுக்கும்போது பிஸ்கட் நடுவில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும். "இன்னும் வேகலையே" என்று மறுபடி உள்ளே தள்ளுவதுதான் பெரும்பாலான வீடுகளில் அடி கருகக் காரணம்.

ஓவனோடு வரும் கருப்புத் தட்டு சூட்டை அதிகம் இழுக்கும். அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்க்காமல் அப்படியே அடுக்கி, மேல் தட்டில் பிஸ்கட் வையுங்கள். இல்லை, பளபளப்பான அலுமினியத் தட்டு வாங்குங்கள். சூடான தட்டில் அடுத்த ஈடு மாவை வைக்கக் கூடாது, ஓவனுக்குள் போவதற்கு முன்பே நெய் உருகி பிஸ்கட் பரந்துவிடும். இரண்டு தட்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செய்வதுதான் வழி. இன்னொன்று, குமிழில் 180 என்று இருப்பதால் உள்ளே 180 என்று நம்பிவிடாதீர்கள், சில நூறு ரூபாய்க்கு ஓவன் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தால் சில வீடுகளில் அதிர்ச்சி காத்திருக்கும்.

செய்முறையில் வெண்ணெய் என்று இருக்கிறது. நெய் போடலாமா?
– ஒரு வாசகர், சென்னை

போடலாம். 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பல்லாதது, பெரும்பாலும் தண்ணீர். நெய்யில் அது கிடையாது. தண்ணீர் இல்லாததால் பிஸ்கட் இன்னும் பொரபொரவென்று உதிரும், மாவு சேரவில்லை என்றால் ஒரு ஸ்பூன் பால் தெளியுங்கள். நெய் உறைந்து மணல் மணலாக இருக்க வேண்டும், உருக்கி ஊற்றக் கூடாது. சென்னை டிசம்பரில் நெய் அரைகுறையாகத்தான் உறையும், பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். மாறாக, கடை மஞ்சள் வெண்ணெய் போடுவதானால் அதில் உப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தனியாக உப்பு போடுவதை நிறுத்துங்கள்.

அம்மம்மாவின் பட்டர் பிஸ்கற். யாழ்ப்பாணத்தில் போறணையில் (அடுப்பில்) சுட்டு எடுத்தது. கொப்பியில் கோதுமை மா 1 இறாத்தல், பட்டர் அரை இறாத்தல், சீனி 6 அவுன்ஸ், முட்டை 1, வனிலா என்றிருக்கிறது. பட்டர் இல்லாத நாட்களில் அம்மம்மா மாஜரின் போட்டவ என்று அம்மா சொல்லுறா, அதனால நானும் இங்கே டப்பா மாஜரின் போட்டுச் செய்தேன். கல்லுப் போல வருகுது.
– ஒரு வாசகி, டொராண்டோ

இந்தச் செய்முறையைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. எடையில் எழுதி வைத்த பாட்டி கிடைப்பது அபூர்வம், உங்கள் அம்மம்மா பெரிய மனுஷி. மா 454 கிராம், பட்டர் 227, சீனி 170. உங்களுக்கு இன்னொரு வசதி, கனடாவில் பட்டர் கட்டி 454 கிராமாகத்தான் வருகிறது, அதாவது ஒரு இறாத்தல். கட்டியைச் சரி பாதியாக வெட்டினால் போதும், தராசே வேண்டாம்.

கல்லுப் போல வருவதற்கு முதல் சந்தேகம் மாவின் மேல். கனடா மாவு பலமான கோதுமையில் அரைத்தது, சாதாரண மாவிலேயே புரதம் 12, 13 சதவீதம் இருக்கும். பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, அருமை, பிஸ்கற்றுக்கு முரட்டுத்தனம். பாதி மாவுக்குப் பதில் கேக், பேஸ்ட்ரிக்கென்று விற்கும் மாவைக் கலந்துகொள்ளுங்கள். மா போட்ட பிறகு மெஷினால் அடிக்கவே கூடாது, கையால் சேர்த்துப் பிடித்தால் போதும், பிசையப் பிசைய இறுகும்.

இரண்டாவது மாஜரின். அன்று அம்மம்மா வாங்கியது கட்டியாக இருந்திருக்கும். இன்று டப்பாவில், கத்தியால் எடுத்து அப்படியே பாணில் பூச வருவதில் தண்ணீர் கூடுதல், கொழுப்பு குறைவு. அந்தத் தண்ணீரும் மாவின் புரதமும் சேர்ந்துதான் கல். இந்த முறை முழுக்கப் பட்டர் போட்டுச் செய்யுங்கள், உப்பில்லாத பட்டர், ஒரு சிட்டிகை உப்பு தனியாக. அம்மம்மா கொப்பியில் எழுதியதே பட்டர்தானே. மாஜரின் அவருடைய செய்முறை அல்ல, அந்த நாட்களின் தட்டுப்பாடு. இப்போது உங்களுக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லையே.

சீனியைப் பொடித்தே ஆக வேண்டும் என்றில்லை, இதில் எடை சொல்லியிருப்பதால் பொடித்தாலும் பொடிக்காவிட்டாலும் கணக்கு மாறாது. பொடித்தால் பிஸ்கற் மென்மையாகவும், முழுச் சீனியாகப் போட்டால் கொஞ்சம் நறநறவென்றும் வரும். எது அம்மம்மாவுடையது என்று அம்மாவின் நாக்கு சொல்லிவிடும்.

மகன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். ஜெர்மன் மருமகள். கிறிஸ்துமஸுக்கு இங்கே வருகிறார்கள். அவள் பாட்டி செய்யும் ஸ்பிரிங்கர்லே பிஸ்கட்டை நான் செய்து வைத்து அசத்த வேண்டும் என்று ஆசை. முடியுமா?
– ஒரு வாசகி, கோயமுத்தூர்

நல்ல மாமியார் நீங்கள். முடியும், ஆனால் அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஆரம்பித்தால் முடியாது, இரண்டு மூன்று வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஜெர்மனியின் தென்மேற்குப் பக்கமே, குறிப்பாக ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியா வட்டாரம், இந்த பிஸ்கட்டுக்குப் பேர்போனது. அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமும் வீடுகளில் விதவிதமாகச் சுட்டுத் தகர டப்பாக்களில் அடுக்குவார்கள். இது அதில் சீக்கிரம் செய்யவேண்டிய ரகம். சுட்டவுடன் பல்லுக்கு வேலை வைக்கும், டப்பாவில் கிடந்து பதமாக வேண்டும்.

இதில் வெண்ணெயே கிடையாது. முட்டை, சீனிப் பொடி, மாவு, அவ்வளவுதான். 4 முட்டைக்கு 500 கிராம் சீனிப் பொடி, 500 கிராம் மாவு என்பது வழக்கமான கணக்கு. நம் முட்டையை ஓடு நீக்கி 200 கிராம் எடை பாருங்கள். முட்டையையும் சீனியையும் மெஷினில் வெள்ளையாக, கெட்டியாக நுரைக்கும்வரை அடிக்க வேண்டும், இருபது நிமிடமாவது ஆகும், பொறுமை வேண்டும். கூட, கத்தி முனையில் எடுத்த அளவு ஒரு பொடி. அது என்ன பொடி என்றால், நாகர்கோவில் வாசகர் கேட்டாரே அதே அம்மோனியா உப்புதான்! அங்கே ஒரு காலத்தில் மான்கொம்பைக் காய்ச்சி அதை எடுத்திருக்கிறார்கள், இப்போது ஆலையில் செய்ததுதான். நாகர்கோவில் பாட்டியும் ஸ்வாபியப் பாட்டியும் பிஸ்கட் விஷயத்தில் ஒரே கட்சி.

மாவை மூடிக் கொஞ்ச நேரம் குளிரவைத்து, ஒரு விரல் தடிமனுக்குக் குறைவாகத் தேய்த்து, செதுக்கிய மர அச்சை அழுத்தி உருவம் எடுத்து வெட்ட வேண்டும். அச்சில் மாவு தடவிக்கொண்டால் ஒட்டாது. அச்சுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், மகனிடம் சொன்னால் வாங்கி அனுப்புவான், ரகசியம் காப்பானா என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். வெட்டிய துண்டுகளை உடனே சுடக் கூடாது. அங்கே ஒரு நாள் முழுக்க வெளியே காயவிடுவார்கள். மேல்தோல் காய்ந்து இறுகினால்தான் சுடும்போது படம் அழியாமல் நிற்கும். பொங்குகிற மாவு மேலே போக முடியாமல் அடியில் பிதுங்கி, பிஸ்கட்டுக்குக் கால் முளைத்த மாதிரி ஒரு விளிம்பு வரும். அந்தக் கால் வரவில்லை என்றால் ஸ்வாபியப் பாட்டிகள் முகம் சுளிப்பார்கள். கோவை டிசம்பர் குளிர்தான், ஆனாலும் மழை ஈரம் இருந்தால் காயாது. ஏ.சி. அறையில் ஓர் இரவு வையுங்கள், ஏ.சி. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. பிறகு 150 டிகிரியில், கீழ்ச் சூடு தூக்கலாக, 20 நிமிடம். மேலே வெள்ளையாகவே இருக்க வேண்டும், நிறம் ஏறினால் தோல்வி.

தட்டில் தூவ ஆனிஸ் விதை வேண்டும். நம் சமையலறை சோம்பு பெருஞ்சீரகம், வாசனை நெருக்கம்தான், ஆனால் அதுவே அல்ல. மருமகள் கண்டுபிடித்துவிடுவாள். அச்சோடு சேர்த்து ஒரு சின்னப் பாக்கெட் அதையும் அனுப்பச் சொல்லுங்கள்.

மாமியார் செய்யும் முந்திரி பிஸ்கட் ஊரே பேசும். அளவு கேட்டால் "எல்லாம் கண்ணளவுதான்மா" என்கிறார். வேண்டுமென்றே மறைக்கிறாரோ?
– பெயர் வேண்டாம், திருச்சி

மறைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், நிஜமாகவே அவருக்குத் தெரியாது. நாற்பது வருஷமாகக் கையால் அள்ளிப் போடுகிறவரிடம் கிராம் கேட்டால் என்ன சொல்வார்? கேட்காதீர்கள். பக்கத்தில் நின்று ஸ்பூனை நீட்டி "நில்லுங்க அத்தை, அளந்துக்கிறேன்" என்று ஒவ்வொரு பிடிக்கும் நிறுத்தினால் அவர் கையே தடுமாறிவிடும், அன்றைக்கு பிஸ்கட் கெட்டால் பழி உங்கள் மேல்.

இப்படிச் செய்யுங்கள். அவர் ஆரம்பிக்கும் முன்னால் மைதா டப்பா, சீனிப்பொடி டப்பா, நெய் பாத்திரம், முந்திரிப் பொட்டலம் எல்லாவற்றையும் சமையல் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டுக்குச் செய்யட்டும். முடிந்ததும் மறுபடி எடை. குறைந்ததுதான் அளவு. மூன்று ஈடு இப்படிக் குறித்தால் அவர் கண்ணளவு எவ்வளவு துல்லியம் என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

ஆனால் எடையைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அவர் எப்போது நிறுத்துகிறார் என்பது. மாவைக் கையில் பிடித்து என்ன பார்க்கிறார்? விரிசல் விட்டால் என்ன செய்கிறார்? எந்த நிறத்தில் வெளியே எடுக்கிறார்? அதைப் போனில் படம் எடுங்கள், உருட்டிய மாவின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டாம், சொல்லிவிட்டே செய்யுங்கள். இவ்வளவு மெனக்கெடுகிறாளே என்று அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அப்படியும் தர மறுத்தால், சரி, அது அவருடைய உரிமை. விட்டுவிடுங்கள்.

பெரியம்மா பாட்டியின் பிஸ்கட்டில் தேங்காய்த்துருவல் என்கிறார். சித்தி, தேங்காய் கிடையவே கிடையாது, ரவைதான் என்கிறார். குடும்ப வாட்ஸாப்பில் போர். எது ஒரிஜினல்?
– ஒரு வாசகி, மதுரை

இரண்டும்தான். பெரியம்மா வளர்ந்த வருஷங்களில் பாட்டி ஒன்று செய்திருப்பார், சித்தி வளரும்போது வேறொன்று. வீட்டில் தென்னை இருந்ததா, வாடகை வீட்டுக்கு மாறினார்களா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வந்துவிடும். இரண்டையும் சுட்டு, பேர் போடாமல் தட்டில் வைத்துவிட்டு வாட்ஸாப்பை மூடுங்கள்.

முட்டை சாப்பிடாத பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் பலகாரத் தட்டு கொடுக்க வேண்டும். பாட்டி செய்முறையில் முட்டை இருக்கிறதே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

அதில் முட்டையைப் பிடுங்கிவிட்டு வேறு எதையோ திணிக்காதீர்கள். அவர்களுக்குத் தனியாக நெய் பிஸ்கட் செய்துவிடுங்கள், அதில் முதலிலிருந்தே முட்டை இல்லை. மைதா 200 கிராம், சீனிப் பொடி 100, உறைந்த நெய் 120, ஏலப்பொடி, உப்பு. நெய்யும் சீனியும் வெளுக்கும்வரை தேய்த்து, மாவு சேர்த்து, உருட்டி, 160 டிகிரியில் 15லிருந்து 18 நிமிடம். முட்டை மாவு பிசைந்த பாத்திரத்திலோ தட்டிலோ இதைச் செய்யக் கூடாது, முதல் ஈடாக இதை முடித்துவிட்டு அப்புறம் மற்றது. தட்டில் அடுக்கும்போதும் தனித் தட்டு. கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், "இதில் முட்டை இல்லை" என்று.

டப்பாவில் வைத்த பிஸ்கட் இரண்டு நாளில் நமத்துப்போகிறது.
– ஒரு வாசகி, கடலூர்

கேக்கோடு ஒரே டப்பாவில் வைத்திருக்கிறீர்கள், சரிதானே? கேக்கின் ஈரம் முழுக்க பிஸ்கட்டுக்குப் போய்விடும். தனி டப்பா, முழுக்க ஆறிய பிறகு. நமத்ததை 120 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழையபடி மொறுமொறுப்பாகும்.

செய்முறையில் மஞ்சள் கரு மட்டும் 6. வெள்ளைக் கருவை என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

உங்களுக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடி இருக்கிறது, இதையா கேட்பது? மக்ரூன் போடுங்கள். வெள்ளைக் கரு, சீனி, முந்திரிப் பொடி, வேறு எதுவும் வேண்டாம். ஓவனை 110, 120க்கு மேல் ஏற்றாமல் மெதுவாகக் காயவிட வேண்டும், அவசரப்பட்டால் வெளியே பழுத்து உள்ளே பிசுபிசுக்கும். மழைநாளில் ஆரம்பிக்காதீர்கள்.

ரோஸ் குக்கீஸ் அச்சு புதிதாக வாங்கினேன். மாவு அச்சை விட்டுக் கழலவே இல்லை. அம்மாவின் பழைய அச்சை அண்ணி எடுத்துக்கொண்டுவிட்டார்.
– ஒரு வாசகி, வேளாங்கண்ணி

அண்ணியிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள், அதுதான் சுலபம். இல்லையென்றால் புது அச்சை வடித்த கஞ்சியில் ஓர் இரவு ஊறவைத்து, கழுவித் துடைத்து, எண்ணெயில் மூழ்கவிட்டுச் சிறு தீயில் நன்றாகச் சூடேற்றி அதிலேயே ஆறவிடுங்கள். இரண்டு தடவை இப்படிப் பழக்கினால் வழிக்கு வரும். சுடும்போது அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். மாவில் தோய்க்கும்போது முக்கால் உயரம்தான், மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் என்ன ஆட்டினாலும் கழலாது. மாவில் அச்சு படும்போது "ஸ்ஸ்" என்ற சத்தம் வரவில்லை என்றால் அச்சில் சூடு போதவில்லை, திரும்ப எண்ணெயில் வையுங்கள். முதல் நாலைந்து எப்படியும் பிய்ந்துதான் வரும், அதைச் சாப்பிட வீட்டில் ஆள் இருக்குமே.